நீ ஓட்டாத நானூறு மீட்டர்

மாப்ளே,

இன்றைக்குக் காலையில் மூன்றாம் ஷெட்டைக் காலி செய்தோம். அடுத்த வாரம் புதுக் குஞ்சு வருகிறது. கூண்டு பொருத்தும் ஆட்கள் வருவதற்குள் உள்ளே கிடப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் போட வேண்டும். கிழிந்த தீவனச் சாக்கு, உடைந்த தண்ணீர்க் குழாய், எதற்கு வைத்தோம் என்றே நினைவில்லாத தகரம். எல்லாவற்றுக்கும் அடியில் உன் கார் சீட்டு கிடந்தது. அலுமினியத் தகட்டை வளைத்து, உன் இடுப்புக்கு அளவெடுத்து, நீயே அடித்த சீட்டு.

உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சுத் துண்டுகள் இன்னும் ஒட்டியபடி இருக்கின்றன. நான் உட்கார்ந்தால் ஆடாமல் இருக்க வேண்டும் என்று நீ வெட்டி ஒட்டியவை. பாதியை எலி தின்றுவிட்டது. எலிப் புழுக்கையும் பழைய பெட்ரோலும் சேர்ந்து வாடை வீசியது. வேலையாள் வந்து, "ஏனுங்க, இதப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரலாங்களா?" என்று கேட்டான். அது கிடக்கட்டும் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அவன் என்ன செய்வான், பாவம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் எழுதுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். தீவனக் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதுவதற்கே உன்னைக் கூப்பிட்டவன். ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கோழிக்கு நோய் வந்து மூன்றாம் ஷெட் காலியாகக் கிடந்த வருஷம் அது. உனக்கு சேலம் ரோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறை. தங்கராசு திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு என்ஜின் பார்க்கிறவன். மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், மூவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு வீடியோ காட்டினாய். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பச்சை விளக்கு எரிகிறது. நேராக நானூறு மீட்டர். யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அவ்வளவுதான் பந்தயம்.

"திரும்பவே வேண்டாம்டா, நேராப் போனாப் போதும். லாரிப் பட்டறைக்காரனுக்கு இத விட ஈசியா என்ன இருக்குது" என்றாய். நாங்கள் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. "இருபது வருசமா எத்தன வண்டிக்குப் பாடி கட்டியிருப்பேன். எல்லாத்தயும் எவனோ ஓட்டீட்டுப் போயிடறான். ஒண்ணயாச்சும் நானே கட்டி, நானே முழு வேகத்துல ஓட்டிப் பாக்கோணும் மாப்ள" என்றாய்.

ஆக, அது உன் கார். ஆரம்பத்திலிருந்தே உன் கார். எங்கள் சித்தப்பா தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நின்றிருந்த பழைய சின்னக் காரை நான் தள்ளிக்கொண்டு வந்தேன், ஷெட் என்னுடையது, அவ்வளவுதான் என் பங்கு. பிறகு நான் அதை எப்படி என்னுடையது ஆக்கிக்கொண்டேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நீ காருக்கு அடியில் ஒரு சட்டம் வைத்து வெல்டு செய்தாய். தங்கராசு குனிந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுல ஜல்லி ஏத்தப் போறமா?" என்றான். உன் கைக்கு லோடு தாங்கும் கணக்குத்தான் தெரியும். பத்து டன் ஏற்றினாலும் வளையாத சட்டத்தை ஒரு பொம்மைக் காருக்கு வைத்திருந்தாய். அதை அறுத்து எடுத்து, தீவன மூட்டை போடும் எடை மிஷினில் வைத்தோம். முப்பத்தெட்டு கிலோ. நீ தலையைச் சொறிந்துகொண்டு நின்றாய்.

அன்றிலிருந்துதான் எதை எடுத்தாலும் அந்த மிஷினில் வைத்துச் சுவரில் சாக்கட்டியால் எழுதும் பழக்கம் வந்தது. பின் சீட்டு பதினான்கு. கதவுக்குள் இருந்த இரும்பு ஆறு. கண்ணாடியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் வைத்ததில் ஒன்பது. கோழிப்பண்ணைக்காரனுக்கு எடை பார்ப்பது சோறு தின்பதைப் போல. வாரா வாரம் பத்துக் கோழியைப் பிடித்து நிறுத்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காரையும் அப்படியே பார்த்தேன். நீ ஒரு நட்டைக் கழற்றினால்கூட என் கையில் கொடுத்துவிட்டு, "எழுதுடா, எழுது" என்று கேலி செய்வாய்.

என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ ஒன்றை தங்கராசு எங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தினான். எப்படிப் பொருத்துவாய் என்று கேட்டதற்கு, "ஆயிரம் அடிக்குக் காத்த அடிச்சு இறக்கறவன் நானு. எனக்குக் காத்தப் பத்திச் சொல்றயா" என்று கோபித்துக்கொண்டான். வண்டியை முதன்முதலில் ஸ்டார்ட் செய்த அன்று சைலன்சர் இல்லை. ஷெட்டுக்கு முன்னால் ஒரு வட்டம், முதல் கியரில், நீதான் ஓட்டினாய். பக்கத்து ஷெட்டில் இருந்த கோழி மொத்தமும் கூண்டில் தலையை மோதிக்கொண்டு கத்தியது. மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு முட்டை பாதியாகக் குறைந்துபோனது. என் மனைவி சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முட்டைக் கோழிக்குப் பக்கத்தில் ரேஸ் கார் கட்டிய முட்டாள்கள் தமிழ்நாட்டிலேயே நாம்தான் என்று நீ பட்டறையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தாய். அந்த ஒரு வட்டத்தைத் தவிர நீ அதை ஓட்டவே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

அதற்குப் பிறகு மோகனூர் ரோட்டில் வீட்டுமனை போட்டுவிட்டு ஒரு வீடும் வராமல் கிடந்த லே-அவுட்டுக்குக் காரை இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்தோம். நல்ல தார் ரோடு, நேராக, ஆள் நடமாட்டம் இல்லாமல். சோதனைக்கு நான் உட்கார்ந்தேன். வண்டி ஓடும்போது எங்கே ஆடுகிறது, எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று வெளியே நின்று கேட்க உன் காது வேண்டியிருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேதான் எனக்கு ருசி பிடித்தது. இரண்டாவது கியர் மாற்றும்போது முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் இருக்கும். அந்தத் தள்ளலுக்காக நான் எந்தப் பொய்யும் சொல்லத் தயாராகிவிட்டேன்.

பேர் கொடுத்திருந்த பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஓட்டுகிறவனோடு சேர்த்து எழுநூறு கிலோவுக்குள் இருந்தால்தான் போட்டிக்கு வரும் சேலம் பசங்களின் வண்டிக்கு முன்னால் நிற்க முடியும் என்று தங்கராசு கணக்குச் சொன்னான். சுவரில் கூட்டிப் பார்த்தோம். முப்பது கிலோ அதிகம். கழற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. வண்டி உருண்டால் உள்ளே இருப்பவன் நசுங்காமல் இருக்க, ஓட்டுகிறவனைச் சுற்றி நீ கட்டியிருந்த கம்பிக் கூடு. அதில் மட்டும் நீ கனமான குழாய் போட்டிருந்தாய். பல தடவை நான் கேட்டும் அதன் கனத்தைக் குறைக்க மாட்டேன் என்றாய்.

அன்றைக்கு நான் சொன்னது இது, வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "கம்பியில முப்பது கிலோ கொறைக்கலாம். இல்லீன்னா ஓட்டறவன்கிட்டக் கொறைக்கோணும். ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லு."

உன் எடை தொண்ணூற்று நான்கு. என்னுடையது அறுபத்திரண்டு. இரண்டும் சுவரில் எழுதியிருந்தது. நீ கம்பியில் கை வைக்க விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். தங்கராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீ கொஞ்ச நேரம் அந்தக் கூட்டையே பார்த்தாய். பிறகு, "கம்பி இருக்கட்டும்டா. நான் எறங்கிக்கறேன்" என்றாய். டீ குடித்துவிட்டு வந்து, ஸ்பாஞ்சை வெட்டி, என்னை உட்காரச் சொல்லி, என் இடுப்பைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து ஒட்டினாய். "எடையக் கொற, அடுத்த வருசம் நீதான்" என்றேன். பெரிய மனதோடு சொல்வதாக நினைப்பு எனக்கு.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தில் பந்தயம். பதிமூன்று புள்ளி நான்கு வினாடி. நம் பிரிவில் இரண்டாம் இடம். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கோப்பையை வாங்கினேன். எல்லோருக்கும் போன படத்தில் நான் நடுவில், தங்கராசு ஒரு பக்கம், நீ மறுபக்கம் பாதித் தோளோடு அறுபட்டுப்போய் நிற்கிறாய். நாமக்கல் கடைவீதியில் என்னை ரேஸ்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யார் கட்டிய வண்டி என்று யாராவது கேட்டால் "நாங்கதான் கட்டுனோம்" என்பேன். நாங்கள் என்பதில் எல்லாம் அடங்கிவிடும் அல்லவா.

நீ வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். மத்தியானச் சோற்றை விட்டாய். பட்டறை வரை நடந்தே போனாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷெட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினில் ஏறுவாய். நான் சுவரில் எழுதுவேன். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று இரண்டு, தொண்ணூறு. இறங்குவதே இல்லை என்று அலுத்துக்கொள்வாய். அப்புறம் ஒரு மாதத்திலிருந்து மளமளவென்று இறங்கியது. எண்பத்தேழு. எண்பத்து மூன்று. தங்கராசு விசிலடித்தான், நான் கைதட்டினேன். "இப்பிடியே போனா உனக்கு சீட்டு ரெடி மாப்ள" என்றேன்.

அடுத்த பந்தயம் வந்தபோது நீ எண்பத்தொன்று. இன்னும் இருபது கிலோ இருக்கிறதே, இந்த ஒரு தடவை நானே ஓட்டிவிடுகிறேன் என்றேன். சரி என்றாய். பதிமூன்று புள்ளி இரண்டு. முதல் இடம். அதற்கப்புறம் நீ எழுபத்தாறு, எழுபது. சாப்பிட்டால் வயிறு அடைத்துக்கொள்கிறது, அதனால் பசிப்பதில்லை, நல்லதாகப் போயிற்று என்று நீயே சொன்னாய். அதைக் கேட்டும் நான் சுவரில் எழுதினேன்.

மாப்ளே, நான் கோழி வளர்க்கிறவன். தீவனத்துக்கு ஏற்ற எடை நிற்காமல் ஒரு கோழி இளைத்தால், அன்றைக்கே அதைத் தனியாக எடுத்து வைத்து டாக்டருக்குப் போன் போடுகிறவன். உன்னை வாரா வாரம் எடை போட்டு, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பினேன். உன் மனைவிதான் சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்துப் பயந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றில் கட்டி என்றார்கள். அது வந்து பல மாதம் ஆகியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

கோயம்புத்தூரில் வைத்தியம் முடித்துத் திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் காலை பத்து மணிக்கு உன் மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஷெட்டுக்கு வந்தாய். தலையில் துண்டு கட்டியிருந்தாய். அவள் என் மனைவியைப் பார்க்க வீட்டுக்குள் போனதும் நீ நேராக மிஷினில் ஏறினாய். ஐம்பத்தைந்து. நான் எழுதவில்லை. நீ சாக்கட்டியை எடுத்து நீயே எழுதிவிட்டுச் சிரித்தாய்.

"உன்னய விடக் கம்மி ஆயிட்டனே. இப்பவாச்சும் குடுப்பியாடா?" என்றாய்.

நீயே தொடர்ந்தாய். "ரேஸ் எல்லாம் வேண்டாம். லே-அவுட்டுக்கு இழுத்துட்டுப் போலாம். ஒரே ஒரு தடவ. நானூறு மீட்டர். டைம் மட்டும் நீ பாரு."

"என்ஜின் புடிச்சுக்கிச்சு மாப்ள, சுத்தவே மாட்டேங்குது" என்றேன். "ரெண்டு மாசமாச்சு. தங்கராசு ரிக்கோட வடக்க போயிட்டான். அவன் வந்தாத்தான் பிரிக்க முடியும்."

தங்கராசு வடக்கே போயிருந்தது உண்மை. என்ஜின் நன்றாக இருந்தது. அன்று காலையில் நான் அதை லே-அவுட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு ஓட்டம் ஓட்டிவிட்டு, நீ வருவதற்கு அரை மணி முன்னால்தான் இழுத்து வந்து நிறுத்தியிருந்தேன். நீ எழுந்து போய் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாய். முன்பக்கம் வந்து என்ஜின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாய். அது சுட்டிருக்கும். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். நான் தண்ணீர்க் குழாயைச் சரி பார்ப்பதுபோல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி விடு. அவன் வரட்டும்" என்றாய். உன் மனைவி வந்ததும் ஸ்கூட்டரில் ஏறினாய். "வாரேன்டா" என்றாய். தங்கராசு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு காரை விற்றேன். வாங்கியவன் சீட்டு வேண்டாம் என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போனான்.

போன மாதம் உன் மனைவியைப் பார்க்கப் போனேன். பட்டறையை அவளே நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். ஒரு லாரிக்காரனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டாள். பேச்சோடு பேச்சாகக் கார் பற்றி வந்தது.

"நீங்க அன்னிக்கு ஓட்டக் குடுக்காம இருந்தது பெரிய உபகாரமுங்ணா" என்றாள். "ஊட்டுக்கு வந்து அவரு சிரிச்சுட்டே சொன்னாருங்க. என்ஜின் கெட்டுப்போச்சுன்னு எங்கிட்டயே பொய் சொல்றான், மூடி சுடுது. நான் இருக்கற இருப்புல ஓட்டுனா எங்காச்சும் மோதிருவேன்னு பயம் அவனுக்கு. நல்லதுக்குத்தான் சொல்றான்னு நானும் விட்டுட்டேன் அப்படின்னாருங்க." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களயாட்டம் ஒரு சிநேகிதம் யாருக்குங்ணா கெடைக்கும்."

நான், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். அடக்கத்தோடு சொல்வதுபோல் சொன்னேன். டீ கொடுத்தாள். குடித்தேன்.

நீ அதை நம்பித்தான் அவளிடம் சொன்னாயா, இல்லை அவள் முன்னால் நான் அசிங்கப்படக் கூடாது என்று சொன்னாயா, எனக்குத் தெரியாது. இரண்டும் நீ செய்யக்கூடியதுதான். அந்தக் கும்பிடு அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது. கடைவீதியில் யாராவது ரேஸ்காரரே என்றால் வருகிறது.

உன் கை மூடியின்மேல் இருந்தபோது உன் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் எடை அறுபத்தாறு ஆகிவிட்டது, உன்னுடையது ஐம்பத்தைந்து. பதினோரு கிலோ. அதோடு வண்டியின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றத் தெரிந்தவன் நீ. என் பதிமூன்று புள்ளி இரண்டுக்குள் போய்விடுவாய். நான் நின்று நேரம் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் பொய் சொன்னேன் மாப்ளே, வேறு எதற்காகவும் இல்லை.

நாளைக்கு உன் பட்டறைக்குப் போய் அவளிடம் இதைச் சொல்லப்போகிறேன். முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.